ஆணி முட்டையிடாது

"கால் ஆணிதான் டாக்டர், ஆனா அரிப்பு தாங்கல" என்றார் அவர். உகாண்டாவில் வேலை பார்ப்பவர், விடுமுறைக்கு வந்திருந்தார். கட்டைவிரல் நகத்தை ஒட்டி வெள்ளையாக, பட்டாணி அளவில் ஒரு தடிப்பு. நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. அவசரத்தில் நானும் ஆணி என்றே எழுதப் போனேன். எதற்கும் இருக்கட்டும் என்று லென்ஸ் வைத்துப் பார்த்தால், புள்ளியைச் சுற்றித் தோலில் பொடிப்பொடியாக வெள்ளை முட்டைகள்!

இதற்கு டுங்கியாசிஸ் என்று பெயர். மணல் தெள்ளுப்பூச்சியில் பெண் செய்யும் வேலை. வெளியே இருக்கும்போது அது 1 மில்லிமீட்டர்தான். தலையை விட்டுத் தோலுக்குள் இறங்கி, பின்முனையை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளும். அந்தக் கறுப்புப் புள்ளி அதுதான். மூச்சு விடுவதும் முட்டை தள்ளுவதும் அந்த வழியாகவே. ரத்தம் குடித்து ஒன்றிரண்டு வாரத்தில் 1 சென்டிமீட்டர் வரை உப்பும்; நூற்றுக்கும் மேல் முட்டை போட்டுவிட்டு 4 முதல் 6 வாரத்தில் இருந்த இடத்திலேயே செத்துப்போகும்.

தானாகவே சாகுமென்றால் விட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். அந்தத் துளை கிருமிகளுக்கும் வாசல். சீழ் பிடிக்கும், நகம் போகும், டெட்டனஸ் கூட வரலாம்.

இவர் ஏற்கெனவே ஊக்கால் நோண்டியிருந்தார். எனக்கு அதுதான் கவலை. பூச்சி கிழிந்து பாதி உள்ளே தங்கினால் வீக்கம் கடுமையாகும். ஒரே ஊசியைப் பலர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமியும் கூடவே பரவலாம். கிருமி நீக்கிய ஊசியால் துளையைச் சற்று அகலப்படுத்தி, பூச்சியை முழுசாக எடுத்தேன். மருந்து போட்டு, டெட்டனஸ் ஊசியும் போட்டாயிற்று. நிறைய இடத்தில் இருந்தால் டைமெதிகோன் எண்ணெய் தடவலாம். பூச்சி மூச்சடைத்துச் சாகும்.

இதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். கொலம்பஸின் மாலுமிகளே அவதிப்பட்டிருக்கிறார்கள். 1872இல் பிரேசிலிலிருந்து அங்கோலா வந்த ஒரு கப்பலோடு கரையேறி, சில பத்தாண்டுகளில் ஆப்பிரிக்காவைக் குறுக்கே கடந்துவிட்டது. காய்ந்த மணலும் மண் தரையும் இருந்தால் போதும், முட்டையிலிருந்து வரும் புழு வளர்ந்துவிடும். பன்றி, நாய், எலி எல்லாவற்றின் மீதும் ஏறும். அதனால் மனிதருக்கு மட்டும் வைத்தியம் பார்த்துப் பயனில்லை. மூடிய காலணி ஓரளவு காக்கும். அதைக் கழற்றிவிட்டு மண் தரையில் படுப்பவருக்கு?

கட்டுப் போடும்போது, அங்கே வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

"எங்க வாட்ச்மேன் பசங்க காலெல்லாம் இதே மாதிரி புள்ளி புள்ளியா இருக்கும் டாக்டர். அழுக்குன்னு நினைச்சு, கழுவிட்டு வாங்கடான்னு திட்டியிருக்கேன்."