ஏரிக்கரைக்கு வீல்சேர் போக வேண்டுமானால்

ரேஷன் கடை, நூலகம், ஊராட்சி அலுவலகம் என்று கிராமங்களிலும் இப்போது சாய்தளம் கட்டுகிறார்கள். அவற்றில் பலவும் பைக் ஏற்றப் போட்ட சரிவுதான். மூன்று படி, அதாவது 45 செ.மீ. உயரம் ஏற 1:12 கணக்கில், அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்று வைத்தால், 5.4 மீட்டர் நீளம் வேண்டும். கட்டுவதோ இரண்டு மீட்டர். அதில் ஒருவர் தானே தள்ளிக்கொண்டு ஏறினால் முன்சக்கரம் தூக்கி, நாற்காலி பின்பக்கமாகக் கவிழும். இறங்கும்போது சக்கரம் கைக்கு அடங்காமல் ஓடும்.

சாய்தளத்தைப் பற்றியாவது நாலு பேர் பேசுகிறார்கள். ஏரிக்கரை, தோப்பு, பறவை பார்க்கும் இடம், கோயில் திடல் என்று வெளியே போகும் வழியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அங்கே ஆளைத் தடுப்பது பெரும்பாலும் படி அல்ல, தரை.

சாதாரண மடக்கு வீல்சேரின் முன்சக்கரம் 8 அங்குலம்தான். மணலில் அது புதையும், பெரிய ஜல்லியில் திரும்பிக்கொண்டு நிற்கும். 2 செ.மீ. விளிம்பில் வேகமாக முட்டினால் நாற்காலி அங்கேயே நின்றுவிடும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் விழுவார். உதவிக்கு வருபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: மணலிலும் விளிம்பிலும் முன்னோக்கித் தள்ளாதீர்கள். நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரம் முதலில் போகும்படி பின்பக்கமாக இழுங்கள். காற்றடித்த டயர் கரடுமுரடில் சுகமாக ஓடும், ஆனால் சீமைக்கருவேலம் இருக்கும் கரையில் முள் ஏறிவிடும். அங்கே கெட்டி ரப்பர் டயர்தான் சரி, குலுக்கலைத் தாங்க நல்ல மெத்தை போட்டுக்கொள்ளலாம்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு தொல்லை பக்கவாட்டு வாட்டம். மழைநீர் வடியட்டும் என்று கொத்தனார் பாதையை ஒரு பக்கமாக நன்றாகச் சாய்த்துவிடுவார். நடப்பவருக்கு அது தெரியவே தெரியாது. வீல்சேரோ பள்ளத்துப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். அதை நேராக வைத்திருக்க ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் மட்டும் தள்ள வேண்டும். நூறு மீட்டருக்குள் தோள் விட்டுவிடும். பக்கவாட்டில் 1:50-க்கு மேல் வாட்டம் கூடாது. தண்ணீர் வடிய அதுவே போதும்.

இதை அளக்க எஞ்சினியர் வர வேண்டியதில்லை. 1.2 மீட்டர் நீள மட்டப்பலகை, ஒரு ரசமட்டம், ஒரு டேப் இருந்தால் போதும். பலகையின் ஒரு முனையை மேட்டுப் பக்கத் தரையில் வைத்து, பலகை மேல் ரசமட்டத்தை வைத்து, மட்டம் வரும்வரை மறு முனையைத் தூக்குங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். நீளவாக்கில் 10 செ.மீ. வந்தால் 1:12, அதைத் தாண்டினால் சரிவு அதிகம். குறுக்குவாக்கில் 2.4 செ.மீ. வரை சரி.

பாதை போட கான்கிரீட்தான் வேண்டும் என்றில்லை. 1.5 மீட்டர் அகலத்துக்கு மேல்மண்ணை 15 செ.மீ. வெட்டி எடுத்துவிட்டு, 40 மி.மீ. ஜல்லியை 10 செ.மீ. பரப்பி ரோலர் ஓட்டுங்கள். மேலே கிரஷர் டஸ்ட்டை, அதாவது ஜல்லி உடைக்கும்போது வரும் கல் தூளை, தண்ணீர் தெளித்து 5 செ.மீ. இறுக்குங்கள். இரண்டு ஓரத்திலும் கல் பதிக்காவிட்டால் முதல் மழையிலேயே டஸ்ட் பக்கவாட்டில் கரைந்து ஓடிவிடும். வேலை முடிந்ததும் செருப்புக் குதிகாலை ஊன்றித் திருகிப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் இன்னும் இறுகவில்லை. கரிசல் மண் என்றால் இந்தத் தடிமன் போதாது. அது ஈரத்தில் உப்பி, வெயிலில் வெடிக்கும்; அடியில் கிராவலைத் தாராளமாகப் போட வேண்டும். பேவர் பிளாக் போடும் ஊர்களில் கெடுவது கல் அல்ல, அடியில் இருக்கும் மணல். 3 முதல் 5 செ.மீ.க்கு மேல் மணல் கொட்டினால் கல் ஒன்று ஏறி, ஒன்று இறங்கி நிற்கும். வாய்க்கால் குறுக்கிட்டால் பாதையை வெட்டி விடாமல் அடியில் குழாய் பதியுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு ஒருமுறை, பிறகு ஒருமுறை நடந்து பார்த்து, அரித்த இடத்தை உடனே மூட வேண்டும். ஒரே ஒரு பள்ளம் போதும், ஒரு கிலோமீட்டர் பாதையும் வீண்.

இனி கரை மேல் ஏறுவது. தரையிலிருந்து கரை 3 மீட்டர் உயரம் என்றால் 1:12-க்கு 36 மீட்டர் சரிவு. ஒரே மூச்சில் 9 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது என்பதால் நடுவில் 1.5 மீட்டரில் மூன்று சமதளம், மொத்தம் 40.5 மீட்டர். செலவைக் கேட்டதும் ஊராட்சி பின்வாங்கும். டிராக்டர் ஏறும் சரிவு ஒன்று பல கரைகளில் ஏற்கெனவே இருக்கும். அதை முதலில் அளந்து பாருங்கள், கொஞ்சம் நீட்டினாலே போதுமானதாக இருக்கலாம். புதிதாகப் போட்டாலும் கரையை வெட்டக் கூடாது. ஏரி யார் பொறுப்பில் இருக்கிறதோ அந்தத் துறையின் அனுமதியோடு, வெளிப்பக்கத்தில் மண் கொட்டி அணைத்துத்தான் ஏற்ற வேண்டும்.

நடைபாதை வாசலில் பைக் நுழையக் கூடாது என்று இரும்புக் குழாய் நடுவார்கள். பைக்கைத் தடுத்து வீல்சேரை விடும் இடைவெளி என்று ஒன்று கிடையாது. வீல்சேருக்கு 90 செ.மீ. வேண்டும், அதில் பைக் தாராளமாக நுழையும். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டருக்கும் கையால் ஓட்டும் மூன்று சக்கர வண்டிக்கும் அதைவிட அகலம் வேண்டும். வளைந்து வளைந்து போகும் தடுப்பும் உதவாது. பூட்டில்லாத கதவு ஒன்றை வைத்து, முஷ்டியால் தள்ளினாலே திறக்கும் தாழ்ப்பாளை 90 செ.மீ. உயரத்தில் பொருத்துவதே மேல். பூட்டு போட்டால் சாவி யாரிடம் என்று தேடுவதிலேயே சாயங்காலம் போய்விடும். பைக்காரர்களை அபராதம் போட்டுத்தான் தடுக்க வேண்டும். மாடு நுழையாதிருக்க வாசல் தரையில் இடைவெளி விட்டுக் குழாய் பதிப்பது இன்னும் மோசம். முன்சக்கரம் நேரே உள்ளே இறங்கிவிடும். அங்கே பக்கத்தில் தனிக் கதவு கட்டாயம் வேண்டும்.

30 மீட்டருக்கு ஒரு பெஞ்சு, அதன் பக்கத்தில் வீல்சேர் நிற்க இடம், மேலே நிழல். ஊன்றுகோல் வைத்து நடக்கும் பெரியவர்களுக்கு வழி திறப்பதே இந்தப் பெஞ்சுதான். நம் வெயிலில் ஸ்டீல் கைப்பிடியும் கிரானைட் பெஞ்சும் மதியம் கொதிக்கும். தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்குக் காலில் சூடு உறைக்காது. தோல் வெந்த பிறகுதான் தெரியவரும். கழுத்துப் பகுதியில் அடிபட்டவர்களுக்கு உடலில் பெரும்பகுதி வியர்க்காது என்பதால் உடல் சூடு சட்டென்று ஏறும். காலை ஒன்பதுக்கு முன்போ மாலை நாலரைக்குப் பிறகோ போவது நல்லது. துணிக்குத் தெளிக்க ஒரு பாட்டில் தண்ணீர் கையில் இருக்கட்டும்.

கழிப்பறை இல்லாத இடத்துக்குப் போவதென்றால் பலர் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். சிறுநீர்த் தொற்றுக்கு அது நேர்வழி. கழிப்பறை கட்டினால் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், 90 செ.மீ. அகலம், உள்ளே நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வட்டம். கதவு உள்பக்கம் திறந்தால், உள்ளே ஒருவர் விழுந்து கிடக்கும்போது அதைத் திறக்கவே முடியாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. அணுகல் விதிகள் வெறும் ஆலோசனையாக இல்லாமல் கட்டாயமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. ஊரில் இதைக் கேட்க வேண்டிய இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. “வசதி செய்து தர வேண்டும்” என்று பொதுவாக எழுதிக் கொடுத்தால் மனு மேசையிலேயே கிடக்கும். எந்த இடம், எத்தனை மீட்டர், அளந்தபோது எவ்வளவு வந்தது, எவ்வளவு இருக்க வேண்டும் என்று எழுதி, டேப் தெரியும்படி எடுத்த படத்தோடு கொடுங்கள். கூட்டம் நடக்கும் இடத்துக்கு வீல்சேர் போகுமா என்பதையும் முந்தைய நாளே பார்த்துவிடுங்கள்.