தைலம் ஊற்றிய தொட்டியில் துள்ளும் புழு

போன மாதம் சென்னையில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கியதுமே குப்பென்று தைல வாடை அடித்தது. "கொசுப்புழு சாகட்டும்னு முந்தாநாள்தான் தம்பி நீலகிரித் தைலம் ஒரு சின்ன பாட்டில் ஊத்தினேன். மருந்து வேணாம், இது இயற்கையானதுன்னு சொன்னாங்க" என்றார் வீட்டுக்கார அம்மா. நீளக் காம்புக் கரண்டியால் மொண்டு வெள்ளைத் தட்டில் ஊற்றினேன். ஏழெட்டுப் புழுக்கள் நீர்ப்பரப்பை ஒட்டிக் கிடையாகப் படுத்திருந்தன. என் கை நிழல் பட்டதும் விருட்டென்று அடியில் போயின. மலேரியா பரப்பும் அனாபிலிஸ் புழு இப்படித்தான் படுக்கும். மற்ற கொசு வகைகளான க்யூலெக்ஸ், ஏடிஸ் ஆகியவற்றின் புழுக்கள் தலைகீழாகத் தொங்கும்.

பூச்சியியல் படித்து, கொசுப்புழு தேடுவதையே வேலையாகக் கொண்டவன் நான். தாவர எண்ணெய் புழுவைக் கொல்லாது என்று சொல்ல மாட்டேன். ஆய்வகத்தில் கோப்பைக்கு 25 புழுக்கள் விட்டு, கிராம்பு எண்ணெய் கலந்து, 24 மணி நேரம் கழித்து எண்ணினால் பெரும்பாலானவை செத்துக் கிடக்கும். அதிலுள்ள யூஜினால் என்ற வேதிப்பொருள் புழுவின் நரம்பைத் தாக்குகிறது. துளசி, எலுமிச்சைப்புல் எண்ணெய்களுக்கும் இந்தக் குணம் உண்டு. ஒரே எண்ணெயில் பல பொருள்கள் கலந்திருப்பதால் புழு அதற்குப் பழகிப்போவது கடினம். இந்த ஆராய்ச்சி தொடர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஆனால் கோப்பை வேறு, தொட்டி வேறு. நல்ல எண்ணெய்க்கே லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரை தேவைப்படுவது சாதாரணம். 1,000 லிட்டர் தொட்டிக்குக் கணக்குப் போடுங்கள், 50 கிராம். அந்தத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. அரசு ஊழியர்கள் ஊற்றும் டெமிபாஸ் என்ற புழுக்கொல்லி மருந்துக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் போதும். எண்ணெய் தண்ணீரில் கரையவும் செய்யாது. மேலே மிதக்கும், தொட்டிச் சுவரில் ஒட்டும், சென்னை வெயிலில் சில நாளில் ஆவியாகிவிடும். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும். இன்று தப்பியது அடுத்த வாரம் பறக்கும்.

கிணற்றில் ஊற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். ஆய்வகத்தில் மீனை மயக்கவே கிராம்பு எண்ணெயைத்தான் பயன்படுத்துகிறோம். புழுவைத் தின்னட்டும் என்று விட்ட கப்பி மீனை நாமே மயக்கிப் போட்டுவிடக் கூடாது. குடிக்காத தண்ணீர் என்றால் கதை வேறு. கட்டடம் கட்டும் இடத்தில் லிப்ட் குழியில் தேங்கும் நீருக்கு, தண்ணீரில் கலக்க உதவும் பொருள் சேர்த்துத் தயாரித்த எண்ணெயைச் சில நாளுக்கொரு முறை தெளிக்கலாம்.

நம் நகரத்து மலேரியாக் கொசுவான அனாபிலிஸ் ஸ்டீபன்சி முட்டையிடத் தேடுவது சுத்தமான கிணற்றையும் மாடித் தொட்டியையும்தான். அது உள்ளே நுழையும் வழியை அடைத்தால் எந்த எண்ணெயும் தேவையில்லை.

அந்தத் தொட்டி மூடியின் ஓரத்தில் கை நுழையும் அளவு உடைசல் இருந்தது. நிரம்பி வழியும் குழாயும் திறந்தே கிடந்தது. "அம்மா, பேரப்பிள்ளை குடிக்கிற தண்ணி. மொத்தமும் திறந்துவிட்டு, சுவரைத் தேய்ச்சுக் கழுவுங்க. தைல பாட்டிலைப் புள்ள கைக்கு எட்டாம வைங்க, கொஞ்சம் குடிச்சாலே வலிப்பு வரும்" என்றேன். அவர் கீழே போய்ப் பழைய கொசுவலைத் துண்டும் கயிறும் எடுத்து வந்தார். குழாய் வாயில் இரண்டு மடிப்பாக வைத்து நானே இறுக்கிக் கட்டினேன். புது மூடி மறுநாள் வந்துவிட்டதாகப் போனில் சொன்னார்.