அடி: எண் கால் ஊன்றும் இடம்

ஹட்டனில் ஒரு பின்னேர வகுப்பு. துவித எண்கள், அதாவது 0, 1 இரண்டை மட்டும் வைத்து எழுதும் எண்கள், பாடம். "சேர், எண்ணுக்கு எதுக்கு அடி? அது என்ன தப்புப் பண்ணிச்சு?" என்று கடைசி வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தோம். ஆனால் கேள்வி நல்ல கேள்வி.

ஓர் இலக்கம் இடப்பக்கம் ஓரிடம் தள்ளிப் போனால் அதன் பெறுமதி எத்தனை மடங்காகிறதோ, அந்த மடங்குதான் அடி. நாம் அன்றாடம் எழுதுவது அடி பத்தில். கணினிக்குள் ஓடுவது அடி இரண்டில். ஆங்கிலத்தில் இதை பேஸ் என்கிறார்கள். அது இலத்தீன் வழியாக வந்த கிரேக்கச் சொல். 'பாசிஸ்' என்றால் அடியெடுத்து வைத்தல். அப்புறம் கால் ஊன்றும் பீடம். நம் 'அடி'யும் அதேபோலப் பாதம்தான், மரத்தின் அடிதான். நல்லதண்ணியிலிருந்து இரவிரவாகப் படியேறிச் சிவனொளிபாத மலையில் நாம் கும்பிடுவதும் ஓர் அடியைத்தானே! தமிழ்நாட்டில் 'அடிமானம்' என்று எழுதுவார்கள். பிழையில்லை. ஆனால் இலங்கைப் பாடநூல்களின் 'அடி' சுருக்கமானது, எனக்கு அதுவே போதும்.

குழப்பம் ஒன்று உண்டு: அளவையிலும் அடி இருக்கிறது. அதையே உதாரணமாக்கிவிடலாம். ஒருவர் உயரம் 5 அடி 3 அங்குலம். அதை 53 என்று அடி பன்னிரண்டில் எழுதியதாக எண்ணிக்கொள்ளுங்கள்: 5 × 12 + 3, அதாவது 63 அங்குலம். அதனால் அடி பன்னிரண்டில் 53ஐ 'ஐம்பத்து மூன்று' என்று வாசிக்கக் கூடாது. ஐம்பது, நூறு எல்லாம் அடி பத்தின் பெயர்கள். 'ஐந்து மூன்று, அடி பன்னிரண்டு' என்றே வாசிக்க வேண்டும்.

அடி மாறினால் எண்ணின் உடைதான் மாறும், ஆள் மாறாது. முதன்மை எண்ணை எந்த அடியில் எழுதினாலும் அது முதன்மை எண்தான். இலக்கங்களைக் கூட்டி 9ஆல் வகுபடுமா என்று பார்க்கிறோமே, அது உடையைச் சேர்ந்த சங்கதி. அடி பன்னிரண்டில் அதே வித்தை 11க்குத்தான் பலிக்கும்.

எனக்குப் பிடித்தது 121. இரண்டுக்கு மேற்பட்ட எந்த அடியில் எழுதினாலும் அது சதுர எண். அடி மூன்றில் 9 + 6 + 1 = 16. அடி ஏழில் 49 + 14 + 1 = 64. அடியோடு ஒன்றைக் கூட்டி வர்க்கித்தால் வருவதே 121, அவ்வளவுதான்.

அடி மறை எண்ணாகவும் இருக்கலாம். இத்தாலியரான விட்டோரியோ குருன்வால்ட் 1885இலேயே இதை எழுதிவிட்டார். அடி −2 என்றால் இடங்களின் பெறுமதி வலமிருந்து 1, −2, 4, −8, 16 என்று போகும். 11010 என்பது 16 − 8 − 2 = 6. 1110 என்பது −8 + 4 − 2 = −6. மறைக் குறியே தேவையில்லை. பூச்சியத்தை விட்டால், இலக்கங்களின் எண்ணிக்கை ஒற்றை என்றால் நேர் எண், இரட்டை என்றால் மறை எண்.

இதைக் கரும்பலகையில் போட்டதும் அதே பையன், "அப்ப 10 எவ்வளவு சேர்?" என்றான். எந்த அடியிலும் 10 என்பது அந்த அடியேதான். இங்கே −2.