“மேலே இருந்து சொல்லிட்டாங்க” – யார் சொன்னது, எந்தச் சட்டத்தில்?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் கோர்ட்டில் வக்கீலாக பிராக்டீஸ் செய்கிறேன். வீடு வேலந்தாவளம் பக்கம். காலையில் பால் வாங்குவது கேரளத்தில், சாயங்காலம் பூ வாங்குவது தமிழ்நாட்டில் என்று ஓடுகிற பிழைப்பு.

ஆலோசனை கேட்டு வருகிறவர்களில் பலர் வெறுங்கையோடுதான் வருவார்கள். “ஆர்டர் இருக்கா?” என்றால் இல்லை. “நோட்டீஸ்?” அதுவும் இல்லை. “மேலே இருந்து சொல்லிட்டாங்களாமுங்க, வக்கீலம்மா” என்பார்கள். அந்த ‘மேலே’ எங்கே இருக்கிறது என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

சமீபத்தில் வந்த மூன்று பேரைச் சொல்கிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து அக்கா ஒருவர், அப்பா நிலத்துக்குப் போக்குவரவு (வருவாய்ப் பதிவில் பெயர் மாற்றம்) செய்துதரக் கேட்டுத் தமிழில் மனு கொடுத்தார். மலையாளத்தில் எழுதிக்கொண்டு வரச் சொல்லித் திருப்பிவிட்டார்கள். இன்னொருவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் கூடி ஜெபம் செய்கிறார்கள். அதை நிறுத்தச் சொல்லி யாரோ போன் செய்திருக்கிறார். மூன்றாவது ஆள் ஒரு தம்பி. குடிதண்ணீர் லாரி வராததை வீடியோ எடுத்து யூடியூபில் போட்டான். “ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போ” என்று அழைப்பு வந்துவிட்டது.

மொழி, மதம், செய்தி. மூன்றும் வேறு வேறு விஷயங்கள்தான். ஆனால் மூன்றிலும் காகிதம் இல்லை.

இப்படி வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது கிடங்கூர் பிள்ளைகளின் கதையை. கோட்டயம் மாவட்டம். யெகோவா சாட்சிகள் சபையைச் சேர்ந்த அண்ணன் ஒருவன், தங்கைகள் இருவர். பள்ளியில் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், வாய் திறந்து பாட மாட்டார்கள். அவர்களுடைய விசுவாசம் அப்படி. வருஷக்கணக்கில் இது யாருக்கும் உறுத்தவில்லை. 1985 ஜூலையில் ஒரு எம்எல்ஏ கண்ணில் பட்டது, சட்டசபையில் கேள்வி எழுந்தது. விசாரித்துப் பார்த்த குழு, பிள்ளைகள் ஒழுக்கமானவர்கள், கீதத்தை அவமதிக்கவில்லை என்றே அறிக்கை கொடுத்தது. அப்படியிருந்தும் கல்வித் துறை அதிகாரி சொன்னார் என்று தலைமை ஆசிரியை மூவரையும் வெளியே அனுப்பினார். அதாவது, மேலே இருந்து சொல்லிட்டாங்க.

கேரள உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். தீர்ப்பு எழுதிய நீதிபதி சின்னப்ப ரெட்டி சகிப்புத்தன்மையைப் பற்றிச் சொன்ன வரிகளைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது அதில் இருக்கும் உலர்ந்த சட்டப் பகுதி. பாடியே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? சட்டம் இல்லை, துறைச் சுற்றறிக்கைகள்தான் இருந்தன. அடிப்படை உரிமையைக் கட்டுப்படுத்துவதென்றால் அது சட்டத்தின் வழியாகத்தான் முடியும், வெறும் நிர்வாக அறிவுரையால் முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜெபக் கூட்டத்துக்காரருக்கு இதைத்தான் விளக்கினேன். கட்டடத்தை வழிபாட்டுத் தலமாக மாற்றுவதற்கும் ஒலிபெருக்கி வைப்பதற்கும் விதிகள் உண்டு, அவற்றை மீறினால் நான் வந்து நிற்க மாட்டேன். ஆனால் போனில் வந்த குரல் விதி ஆகாது.

செய்தி விஷயத்தில் இன்னொரு வகையும் உண்டு: உத்தரவு இருக்கும், காரணம் இருக்காது. கேரளத்தின் மீடியாஒன் சேனலுக்கு மத்திய உள்துறை பாதுகாப்பு அனுமதியை மறுத்ததால் 2022 ஜனவரி 31 அன்று ஒளிபரப்பு நின்றது. என்ன காரணம்? மூடிய உறையில் நீதிபதிகளுக்கு மட்டும் காட்டினார்கள். குற்றம் என்னவென்றே தெரியாதவன் எப்படி வாதாடுவான்? 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. அரசை விமர்சிப்பதாலேயே ஒரு சேனலை அரசுக்கு விரோதி என்று சொல்லிவிட முடியாது என்றும் சொன்னது.

டெல்லியைத் திட்டிவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கிவிட வேண்டாம். திருவனந்தபுரமும் செய்திருக்கிறது. பிறருக்குத் தொல்லை தரும் பேச்சு, பதிவு என்று தண்டிக்க வழிசெய்த கேரள போலீஸ் சட்டத்தின் 118(டி) பிரிவை, அதே மாதிரியான தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ-யோடு சேர்த்து 2015இலேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. அப்படியிருக்க 2020 நவம்பரில் 118ஏ என்று ஒன்றை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தார்கள். அவதூறான பதிவு என்றால் மூன்று வருஷம் வரை உள்ளே. ஊரே கத்தியது; சில நாட்களில் பின்வாங்கினார்கள். திருவிதாங்கூர் சமஸ்தான காலத்தில் கத்தவும் வழியில்லை. 1910 செப்டம்பர் 26 அன்று ‘சுதேசாபிமானி’ ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையைப் பிடித்துத் திருநெல்வேலிக்கு நாடு கடத்தினார்கள். விசாரணை கிடையாது. பத்திரிகை வக்கம் மௌலவிக்குச் சொந்தமானது; பறிமுதலான அச்சகம் 1932இல் அவர் இறக்கும்வரை திரும்பி வரவில்லை.

சரி, அந்தத் தம்பிக்கு வருகிறேன். போலீஸ் கூப்பிட்டால் ஓடி ஒளியாதீர்கள், எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். சாட்சியாக என்றால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 179ஆம் பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவராக என்றால் 35(3). எந்தப் பிரிவில் என்று தெரிந்தால்தான் என்ன பதில் சொல்வது என்று யோசிக்கலாம். சாட்சியாக விசாரிப்பதற்குப் பெண்களை ஸ்டேஷனுக்கு வரவழைக்கக் கூடாது, வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். போனை வாங்கினால் மகசர் (பறிமுதல் விவரக் குறிப்பு) நகல் வாங்காமல் வெளியே வராதீர்கள். பேச்சு, எழுத்து சம்பந்தமான குற்றத்துக்குத் தண்டனை மூன்று வருஷத்திலிருந்து ஏழு வருஷத்துக்குள் என்றால், எஃப்ஐஆர் போடுமுன் முதற்கட்ட விசாரணை நடத்துவதே முறை என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தம்பி என்னை வைத்துக்கொண்டே ஸ்டேஷனுக்குப் போன் போட்டு நோட்டீஸ் கேட்டான். “தேவைப்பட்டா கூப்பிடறோம்” என்றார்கள். இதுவரை கூப்பிடவில்லை.

இங்கே ஒரு கசப்பையும் சொல்லிவிடுகிறேன். “தமிழன்னா இங்கே மதிப்பில்லைங்க” என்று என்னிடம் புலம்பும் கடைக்காரர் ஒருவர், வங்காளத்திலிருந்து வந்த முஸ்லிம் தொழிலாளிகளுக்குத் தன் லைன் வீட்டை வாடகைக்கு விட மாட்டேன் என்கிறார். ஏன் என்று கேட்டால் அவரிடமும் எழுத்தில் காரணம் இல்லை.

அப்புறம் அந்த அக்கா. 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தம் மொழியில் எழுதலாம். மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் எழுதலாம். பதிலும் அதே மொழியில் வர வேண்டும். மனுவின் அடியில் இதை ஒரு வரி சேர்த்து, மறுத்தால் காரணத்தை எழுதித் தருமாறும் கேட்டோம். பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் தெரிவிப்பது தகவல் உரிமைச் சட்டத்தின் 4(1)(டி) பிரிவுப்படி அலுவலகத்தின் கடமை. இந்தத் தடவை வாங்கிக்கொண்டார்கள், ரசீது நம்பரும் கொடுத்தார்கள்.

நாற்பது நாள் கழித்துப் போக்குவரவு முடிந்ததாகப் பதில் வந்தது. முழுக்க மலையாளத்தில். “காரியம் ஆயிருச்சில்லைங்க, விடுங்க வக்கீலம்மா” என்றார் அக்கா. அவரிடம் கையெழுத்து வாங்கி, பதிலைத் தமிழில் தருமாறு இன்னொரு மனு போட்டிருக்கிறேன். அதற்கும் ரசீது இருக்கிறது.