பேதி நின்ற பிறகும் இரண்டு வாரம்

சென்ற ஜூலையில் இரண்டு வயதுப் பையன் ஒருவனைப் பெற்றோர் என்னிடம் தூக்கி வந்தார்கள். ஒன்பது நாளாக வயிற்றுப்போக்கு. நின்றது போலிருக்கும், மறுநாள் மறுபடியும் தண்ணீராகப் போகும். "கடைவாய்ப் பல் முளைக்கிறது டாக்டர், உடம்பும் சூடு பிடித்திருக்கிறது" என்றார் அம்மா. சூடு தணியட்டும் என்று இடையில் இரண்டு நாள் பக்கத்துப் பூங்காவின் ஸ்பிளாஷ் பேடுக்கும் அழைத்துப் போயிருக்கிறார்கள்.

டெக்சாஸில், டாலஸ் வட்டாரத்தில் குழந்தை மருத்துவராக இருக்கிறேன். கோடையில் 100 டிகிரி ஃபாரன்ஹீட் இங்கே சாதாரணம். தரையிலிருந்து நீர் பீய்ச்சும் இந்தத் திடல்களுக்குத்தான் சின்னக் குழந்தை உள்ள வீடெல்லாம் ஓடும். ஆழமில்லை, மூழ்கும் பயமில்லை, பெரும்பாலும் கட்டணமுமில்லை. எல்லாம் சரி. ஆனால் அந்த அம்மா சொன்ன வாக்கியத்தை ஒவ்வொரு கோடையிலும் நம் வீட்டுப் பெற்றோரிடம் கேட்கிறேன், அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். பல் முளைப்பதால் பேதி வராது. பல் முளைக்கும் வயதில் குழந்தை கண்டதையெல்லாம் வாயில் வைக்கிறது, கிருமி அப்படித்தான் உள்ளே போகிறது. 'சூட்டுப் பேதி' என்று பெயர் வைத்துவிட்டால் அடுத்த வேலை குளிர்விப்பதுதான் என்று தோன்றிவிடுகிறது. தொற்று உள்ள குழந்தை நேரே பொதுத் தண்ணீரில் போய் நிற்கிறது.

அந்தப் பையனின் மலத்தில் கிரிப்டோஸ்போரிடியம், சுருக்கமாகக் கிரிப்டோ, என்ற ஒட்டுண்ணி இருந்தது. அவனுக்கு அது எங்கிருந்து வந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவனிடமிருந்து எங்கே போயிருக்கும் என்பதுதான் என் கவலை. தொற்றுள்ளவரின் ஒரு தடவை மலத்தில் இந்த ஒட்டுண்ணி கோடிக்கணக்கில் வெளியேறலாம். நோய் வரப் பத்து உள்ளே போனாலே போதும். குளோரின் சரியாகக் கலந்த நீரில் பெரும்பாலான கிருமிகள் சில நிமிடங்களில் சாகும், இது ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். கையில் தடவும் ஆல்கஹால் சானிடைசருக்கும் இது சாகாது. சோப்பும் ஓடும் நீரும்தான் வேண்டும்.

ஸ்பிளாஷ் பேடில் தண்ணீர் எங்கே போகிறது என்று பெற்றோரிடம் கேட்பேன். "வடிந்து போய்விடும்" என்பார்கள். சில இடங்களில் உண்மைதான், குழாய் நீர் ஒரு தடவை பீய்ச்சிவிட்டுக் கழிவுக் குழாய்க்குப் போகும். வேறு பல இடங்களில் அதே நீர் தரைக்கு அடியில் உள்ள தொட்டியில் சேர்ந்து, வடிகட்டி, குளோரின் ஏற்றி, மறுபடியும் மேலே வரும். குழந்தையின் உடம்பைக் கழுவிய நீர்தான் அது. போதாததற்கு, நீரைச் சிதறடித்துப் பீய்ச்சும்போது குளோரின் வேகமாகக் குறையும்.

2021 ஜூனில் கான்சஸ் மாநிலத்தில் விச்சிட்டா நகருக்கு அருகே ஒரு வனவிலங்குப் பூங்காவின் ஸ்பிளாஷ் பேடில் ஒரே மாதத்தில் ஷிகெல்லா, நோரோவைரஸ் என்ற இரண்டு வயிற்றுக் கிருமிகளும் பரவின. இரவில் நீர் சுழலாமல் தொட்டியிலேயே தேங்கிக் கிடந்தது விசாரணையில் தெரிந்தது. அந்த நீர் வாய்க்குள் போனதற்கும் நோய் வந்ததற்கும் தொடர்பு இருந்தது. நியூயார்க் மாநிலத்தில் 2005இல் செனிகா ஏரிப் பூங்காவில் இப்படியொரு நீர்த் திடலிலிருந்து ஆயிரக்கணக்கானோருக்குக் கிரிப்டோ பரவியது. பராமரிப்பில் தவறு நடந்தால் அதைத் தடுப்பது பெற்றோர் கையில் இல்லை. ஆனால் அந்தத் தண்ணீருக்குள் எது போகிறது என்பது நம் கையில்தான் இருக்கிறது.

நீச்சல் டயப்பரை நம்பாதீர்கள். திட மலத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும், தண்ணீராகப் போவதை அது தடுக்காது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை குழந்தையை வெளியே எடுத்து, திடலிலிருந்து தள்ளிப் போய் டயப்பரைப் பாருங்கள். நீர் பீய்ச்சும் துளையின் மேல் உட்கார்ந்து விளையாட விடாதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், கைப்பேசியில் படமும் எடுப்போம், ஆனால் அங்கே கழுவப்படுவது அடுத்த குழந்தையின் வாய்க்குப் போகிறது. நீரை வாயில் ஏந்திக் குடிக்கும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள்.

மூக்கில் வேகமாக நீர் ஏறவும் விடாதீர்கள். 2021 செப்டம்பரில் எங்கள் வட்டாரத்து ஆர்லிங்டன் நகரில் ஸ்பிளாஷ் பேடில் விளையாடிய ஒரு குழந்தை நெக்லேரியா என்ற அமீபாவால் இறந்தது. அது மூக்கு வழியாகத்தான் மூளைக்குப் போகும். மிக மிக அரிது, இதற்காக யாரும் திடலுக்கே போகாமல் இருக்க வேண்டியதில்லை. திறக்கும் முன் தினமும் நீரைச் சோதித்தார்களா என்று பணியாளரிடம் கேட்கலாம். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். குளோரின் பார்க்கும் பட்டை கடைகளில் கிடைக்கிறது, நீங்களே நனைத்தும் பார்க்கலாம்.

இன்னொன்று: வெயிலில் காய்ந்த ரப்பர் தரையும் உலோகமும் பிஞ்சுப் பாதத்தைச் சுட்டுவிடும். முதலில் உங்கள் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்.

பேதி வந்துவிட்டால் உப்பு சர்க்கரைக் கரைசலைச் சிறுகச் சிறுகக் கொடுங்கள், பழச்சாறு வேண்டாம். அழுதால் கண்ணீர் வராதது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, மலத்தில் ரத்தம், துவண்டு கிடப்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். ஸ்பிளாஷ் பேடுக்குப் போனதைத் தவறாமல் சொல்லுங்கள். வழக்கமான மலப் பரிசோதனையில் கிரிப்டோ பல சமயம் அகப்படாது, அதைக் குறிப்பிட்டுத் தனியாகத் தேட வேண்டும்.

அந்தப் பையன் தேறிவிட்டான். மீண்டும் எப்போது தண்ணீருக்கு அழைத்துப் போகலாம் என்று அம்மா கேட்டார். கிரிப்டோ என்றால் பேதி முழுதாக நின்ற நாளிலிருந்து இரண்டு வாரம் என்றேன், குழந்தை நன்றாக ஓடியாடினாலும் அதுவரை கிருமி வெளியேறிக்கொண்டிருக்கலாம். அவர் முகம் வாடியது. அந்தச் சனிக்கிழமை அதே பூங்காவில் மூத்த மகளின் பிறந்தநாள், பதினைந்து குழந்தைகளை அழைத்திருந்தார்கள். நாள்காட்டியை எடுத்து இருவருமாக எண்ணினோம். விழாவைத் தள்ளி வைத்தார். அழைத்த வீடுகளுக்கெல்லாம் அவரே தொலைபேசியில் காரணத்தையும் மறைக்காமல் சொன்னார். அப்படிச் சொன்னபோது ஒரு வீட்டில், தங்கள் பெண்ணுக்கும் ஒரு வாரமாக இப்படித்தான் இருக்கிறது, பல் முளைக்கிறது என்று நினைத்திருந்தோம் என்றார்களாம். மறுநாள் காலை அவர்களும் வந்தார்கள்.