நீராவியைத் துரத்தக் காற்றை உள்ளே விடும் பம்ப்

புதிய ஏசி பொருத்தும்போதும் கம்ப்ரசர் மாற்றிய பின்பும், கேஸ் ஏற்றுவதற்கு முன்னால் வேக்யூம் பம்பை ஓடவிட்டுக் குழாய்களில் உள்ள காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றியாக வேண்டும். காற்று சீக்கிரம் போய்விடும். ஈரம் அப்படிப் போகாது. மிஞ்சும் ஈரம், ஆர்-410ஏ என்னும் குளிரூட்டும் வாயுவில் ஓடும் கம்ப்ரசர்களில் உள்ள பாலியோல் எஸ்டர் எண்ணெயைச் சிதைத்து அமிலமாக்கும்.

வேக்யூமை அளக்கும் அலகு மைக்ரான்; அது ஒரு மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வளிமண்டல அழுத்தம் மைக்ரான் கணக்கில் 7,60,000. அழுத்தம் ஏறத்தாழ 32,000 மைக்ரானுக்கு இறங்கினாலே 30 டிகிரி வெப்பத்தில் இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும். சிக்கல் அந்த ஆவி பம்புக்குள் வந்த பிறகுதான் தொடங்குகிறது.

பம்பின் உருளைக்குள், மையம் விலகிய ரோட்டார் ஒன்று சுழல்கிறது. அதன் பள்ளங்களில் நழுவும் தகடுகள் உருளைச் சுவரை உரசியபடி வாயுவை வாரிச் சென்று, வால்வை நோக்கி நெருக்குகின்றன. உள்ளழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைச் சற்றே மிஞ்சினால்தான் அந்த வால்வு திறக்கும். காற்றை எவ்வளவு நெருக்கினாலும் அது காற்றாகவே இருக்கும். நீராவியோ, பம்ப் 70 டிகிரிச் சூட்டில் ஓடுவதாக வைத்துக்கொண்டால், வளிமண்டல அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டும் முன்பே மீண்டும் நீராகிவிடுகிறது. வால்வு திறக்கப் போதிய அழுத்தம் சேராமல், அந்த நீர் பம்பின் எண்ணெயில் கலந்து, மறு சுற்றில் உறிஞ்சும் பக்கத்துக்கே போய் மறுபடியும் ஆவியாகிறது. பம்பின் கண்ணாடிச் சாளரத்தில் தேன் நிறமாகத் தெரிந்த எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால், நடந்தது இதுதான்.

இதற்கு 1935-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் வோல்ஃப்காங் கேடே கண்ட தீர்வை, இயந்திர வடிவமைப்பின் மிக அழகான விடைகளுள் ஒன்றாகவே நான் கருதுகிறேன். நெருக்கும் அறைக்குள் வெளிக்காற்றைக் கொஞ்சம் வேண்டுமென்றே விடும்படி அவர் ஒரு வழி அமைத்தார். வால்வு திறக்கத் தேவையான 760 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் பெரும்பங்கை அந்தக் காற்றே தந்துவிடுவதால், நீராவியின் பங்கு 70 டிகிரிக்கு உரிய 234 மில்லிமீட்டர் வரம்புக்குக் கீழேயே நிற்கிறது. அது நீராகாமல் காற்றோடு சேர்ந்து வெளியேறுகிறது. பம்பின் மேல் இருக்கும் ‘கேஸ் பேலஸ்ட்’ திருகு இந்த வழியைத்தான் திறக்கிறது. உள்ளே விட்ட காற்றில் சிறிது உறிஞ்சும் பக்கத்துக்குக் கசியும் என்பதால், அது திறந்திருக்கும்வரை அழுத்தம் அடிமட்டத்துக்கு இறங்காது. ஆகவே தொடக்கத்தில் திறந்து வைத்து, ஈரத்தின் பெரும்பகுதி போனபின் மூடிவிட வேண்டும்.

பம்ப் எவ்வளவு நல்லதானாலும் ஒல்லியான ஹோஸ் அதன் வேலையைக் கெடுத்துவிடும். வாயு அடர்த்தியாக ஓடும் கட்டத்தில் ஓட்டம் உள்விட்டத்தின் நான்காம் படிக்கு ஏற்ப மாறுவதால், கால் அங்குல உள்விட்டத்தை 3/8 அங்குலமாக்கினாலே வழி ஐந்து மடங்கு திறந்துவிடுகிறது. ஹோஸ் மாட்டும் சர்வீஸ் வால்வுக்குள் வழியை மறிக்கும் ஊசியையும் அதற்குரிய கருவியால் கழற்றிவிடுவது நல்லது.

500 மைக்ரானைத் தொட்டதும் பம்பின் வழியை அடைத்துவிட்டு, ஏசியின் பக்கம் மாட்டிய கேஜைக் கவனிக்க வேண்டும். எண் விடாமல் ஏறிக்கொண்டே போனால் எங்கோ கசிவு இருக்கிறது; சில ஆயிரம் வரை ஏறி அங்கேயே நின்றுவிட்டால், குழாய்க்குள் இன்னும் ஈரம் இருக்கிறது, பம்பை மறுபடியும் ஓடவிட வேண்டும்.