டிரம் சுவரில் காத்திருக்கும் முட்டைகள்: வேலூரில் கொசு எப்போது பெருகுகிறது, ஏன்?

மழை வந்தால் கொசு வரும் என்று வேலூரில் எல்லோரும் சொல்கிறோம். அது பாதிதான் சரி. கொட்டித் தீர்க்கும் மழை, கொட்டாங்குச்சியிலும் சாக்கடையிலும் இருக்கும் கொசுப் புழுக்களை அடித்துக்கொண்டு போய்விடும். இரண்டு நாள் மழை, ஒரு வாரம் வெயில், மறுபடி ஒரு மழை என்று விட்டு விட்டுப் பெய்வதுதான் கொசுவுக்குத் தோது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு மழைகூடக் கட்டாயமில்லை. பாலாறு வெறும் மணலாகக் கிடக்கும் கோடையில், குழாயில் சில நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும் தெருக்களில், வீட்டுக்கு வீடு டிரம்மும் சிமென்ட் தொட்டியும் நிரம்பியிருக்கும். பஞ்சத்துக்குப் பயந்து நாம் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீர்தான் அதன் வீடு. பெரும்பாலும் அது பிறந்த இடத்திலிருந்து 100, 200 மீட்டருக்குள்ளேயே சுற்றும். கோட்டை அகழியைக் குறை சொல்லிப் பயனில்லை. உங்களைக் கடிக்கும் ஏடிஸ் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்தது.

மாடிப்படிக்குக் கீழே நிற்கும் 200 லிட்டர் டிரம்மை டார்ச் அடித்துப் பாருங்கள். நிழல் பட்டதும் புழுக்கள் அடியில் போய்விடும். அசையாமல் இரண்டு மூன்று நிமிடம் நின்றால் மூச்சுவிட மேலே வரும். பிறகு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரைக் கவனியுங்கள். மிளகுத்தூள் ஒட்டியதுபோல் கறுப்புப் புள்ளிகள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியது. அவைதான் முட்டைகள். ஒரு பெண் கொசு ஒரு தடவையில் 100 முட்டை வரை இடும், அதையும் பல பாத்திரங்களில் பிரித்து இடும். தண்ணீரைக் கவிழ்த்தால் புழு சாகும், முட்டை சாகாது. காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். "வாரா வாரம் கொட்டுகிறோமே, எங்கிருந்து வருகிறது?" என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. தேங்காய் நாரும் சோப்புத் தூளும் போட்டு, விளிம்பு வரை அழுத்தித் தேய்த்து, கழுவிய தண்ணீரை வெறும் தரையில் ஊற்ற வேண்டும்.

ஏன் வாரம் ஒருமுறை? 28 முதல் 30 டிகிரி வெப்பத்தில் முட்டை பொரித்து, புழு கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க 8 முதல் 10 நாள் ஆகும். 20 டிகிரிக்கு இறங்கினால் இரண்டு வாரம் தாண்டும். மார்கழியில் பெருக்கம் மந்தமாவது அதனால்தான். அக்னி நட்சத்திரத்தில் வேறு காரணம். 40 டிகிரியைத் தாண்டும் வறண்ட காற்றில் வளர்ந்த கொசு சீக்கிரம் செத்துப்போகும், வெயிலில் கிடக்கும் சிறு பாத்திரத்துப் புழுவும் வெந்துவிடும். நிழலில் நிற்கும் டிரம் மட்டும் அடுத்த பருவத்துக்கு அந்த இனத்தைக் காப்பாற்றி வைக்கிறது.

அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று உண்டு: புழுக்களுக்குள் நடக்கும் நெரிசல். ஒரு கொட்டாங்குச்சியில் இருபது புழுவுக்குத்தான் இரை இருக்கிறது, நூறு பொரித்திருக்கிறது என்று வையுங்கள். பெரும்பாலானவை பட்டினியில் சாகும், மிஞ்சுபவை சிறுத்துப் பிறக்கும். நாம் அரைகுறையாக மருந்து தெளித்துப் பாதியைக் கொன்றால், மீதிக்கு இரை தாராளமாகக் கிடைத்து, வேகமாக வளர்ந்து, பெரிய கொசுவாக வெளியேறும். பெரிய பெண் கொசு அதிக முட்டை இடும். அரைகுறை வேலையால் எண்ணிக்கை குறையாமல் போவதுண்டு.

புகை மருந்தும் அப்படித்தான். பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். மறுநாளே கூட்டுப்புழுக்களிலிருந்து புதுக் கொசு வரும். தேய்த்துக் கழுவ முடியாத தொட்டிக்கு, புழுவைக் கொல்லும் டெமிபாஸ் மருந்தின் 1 சதவீதக் குருணை 100 லிட்டருக்கு 10 கிராம் போட வேண்டும். தண்ணீர் பாதிதான் இருந்தாலும் தொட்டியின் முழுக் கொள்ளளவுக்கே அளக்க வேண்டும். கழுவி நிரப்பினால் மருந்தும் போய்விடும், திரும்பப் போட வேண்டும்.

சாக்கடையில் வளரும் கியூலெக்ஸ் கொசுவின் பருவமே வேறு. பெருமழையில் கால்வாய் அடித்துப் போகும்போது குறையும். மாசி, பங்குனியில் ஓட்டம் நின்று கழிவுநீர் கெட்டியாகும்போது பெருகும். ஏரிப்பாசன நெல்வயல்களில் இன்னொரு கியூலெக்ஸ் இனம், நடவுக்குப் பிறகு வயலில் தேங்கும் நீரில் கூடும். அது பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல், இந்தியாவிலேயே முதலில் 1955இல் அறியப்பட்டது அன்றைய வட ஆற்காடு மாவட்டத்து வேலூரில்தான். வயலை இடையிடையே காயவிட்டுப் பாய்ச்சினால் புழு வெகுவாகக் குறையும்.

மழைக்குப் பின் ஏடிஸ் கொசு பெருக இரண்டு மூன்று வாரம் ஆகும். டெங்குக் கிருமி கொசுவுக்குள் முதிர 8 முதல் 12 நாள், மனிதரில் காய்ச்சல் தெரிய மேலும் 4 முதல் 10 நாள். தெருவில் காய்ச்சல் கண்ட பிறகு ஓடினால் ஒரு மாதத்துக்கும் மேல் பிந்திவிட்டோம். கொசு குறைந்திருக்கும் வைகாசி, ஆனியிலேயே டிரம்மைத் தேய்க்கத் தொடங்குங்கள். மூடுவதற்குத் துணி கட்டினால் இழுத்துக் கட்டுங்கள். தொய்ந்து தண்ணீரில் பட்டால் அந்த ஈரத்துணியிலேயே கொசு முட்டை வைக்கும்.